‘பழைய டப்பா’ பற்றி மாடிக்கடையிலிருந்து ஒரு மடல்

தம்பிமார்களுக்கும், கீழே பைக்கில் சாய்ந்து காத்திருக்கும் அப்பாமார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் நம்ம வீடியோ கேம் கடையைப் பற்றி ஒரு வரி சுற்றியது. “அண்ணாச்சி கடையில நாலும் பழைய டப்பா, எவனும் போயிராதீங்கடே.” எழுதியது யாரென்று தெரியும். மூன்று வருஷமாக ஜன்னலோர சீட்டில் ஃபிஃபா கால்பந்து கேம் ஆடுகிறவன். எழுதிய மறுநாளும் வந்தான். கோபமில்லை. ஆனாலும் ‘டப்பா’ என்றது உறுத்துகிறது.

டிவியில் மாட்டி கேம் ஆடுகிற பெட்டி நாலும் பிளேஸ்டேஷன் 4 தான், மறைக்கவில்லை. 2013-ல் வந்த பெட்டி. ஆனால் பெட்டியைப் பார்க்கவா முருகன்குறிச்சி வரைக்கும் வெயிலில் சைக்கிள் மிதிக்கிறீர்கள்? உள்ளே ஓடுகிற கேமுக்காகத்தானே?

2007-ல் ரெண்டு பிளேஸ்டேஷன் 2, ஒரு டியூப் டிவியோடு இந்தக் கடையைத் தொடங்கினேன். அதைவிடப் பலமான எக்ஸ்பாக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் பெட்டி 2001-லேயே வந்துவிட்டது. உலகம் முழுக்க அது விற்றது இரண்டரைக் கோடிக்குள். பிளேஸ்டேஷன் 2 பதினைந்து கோடியைத் தாண்டியது. சான் ஆண்ட்ரியாஸ் என்ற கேம் 2004-ல் முதலில் இதில்தான் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு மறு வருஷம்தான். அன்று அந்த கேமுக்காகப் படிக்கட்டு வரை நின்ற பையன்கள், உள்ளே என்ன சிப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதற்கும் முன்னால், 1989-ல் வந்த கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டிக்குக் கலர்கூடக் கிடையாது, பச்சை பூத்த திரை. பின்னாலேயே சேகா கம்பெனி கலர்த் திரையோடு கேம் கியர் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. ஆறு பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் படுத்துவிடும். கேம் பாயில் கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் கேம் இருந்தது. ஜெயித்தது கேம் பாய்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2024-ல் வந்த டெக்கன் 8 என்ற சண்டை கேம் இந்தப் பழைய பெட்டியில் ஓடாது. அதனால் கடன் வாங்கி ஒரு பிளேஸ்டேஷன் 5 மூலையில் போட்டிருக்கிறேன். அதுவும் பெட்டி ஆசையில் இல்லை, அந்த ஒரு கேமுக்காகத்தான். புது கேம் டிஸ்க் ஒன்று ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. நாலு பெட்டியையும் மாற்றுகிற காசுக்கு எத்தனை டிஸ்க் வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இதனால் ஒரு மணி நேரம் ஆட வாங்குகிற 60 ரூபாய் ஒன்றாம் தேதியிலிருந்து 80 ஆகிறது.

ரெண்டாம் நம்பர் பெட்டியில் ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே கேமில் இருக்கிற ஆள் தானாக இடப்பக்கம் நடக்கிறான் என்கிறீர்கள், உண்மைதான். ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து மாட்டத் தெரிந்த நம்ம தம்பி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கே நல்லா இருக்கட்டும். வேறு ஆள் தேடுகிறேன்.

மழையில் தண்ணீர் ஏறிக் கடை மூடிக்கிடந்தபோது, “எப்ப அண்ணாச்சி திறப்பீங்க” என்று போன் அடித்த எல்லோரையும் நினைவில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த தெம்பே அதுதான். ரொம்ப நன்றிப்பா.

டெக்கன் 8-க்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும். காலையிலேயே சொல்லிவிட்டு வாருங்கள். அந்தக் குரூப் தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் ஜன்னலோர சீட் அப்படியே இருக்கு.

இப்படிக்கு,
மாடிக்கடை அண்ணாச்சி,
பாளையங்கோட்டை