எந்த கேட் மென்பொருள்? நம் மாடல் குழுவின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரம்பூரிலும் ராயபுரத்திலும் மாறி மாறிக் கூடும் நமது ரயில், படகு மாடல் குழுவின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

உறுப்பினர்கள் அனைவரும் இனி மாடல்களை ஒரே கேட் (CAD, கணினியில் அளவோடு வரைய உதவும்) மென்பொருளில் வரைய வேண்டும் என்றும், அது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃபியூஷனாக இருக்கலாம் என்றும் நீங்கள் கருதுவதாக அறிகிறேன். ஒரே மென்பொருள் என்பதில் எனக்கு முழு உடன்பாடு; ஒருவர் வரைந்ததை இன்னொருவர் திறந்து திருத்த முடியாமல் திண்டாடியது போதும். ஆனால் அது யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருளான ஃபிரீகேடாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நாம் செய்யும் பொருளிலிருந்தே தொடங்குகிறேன். பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டிதான் நம்மில் பாதிப் பேருக்கு முதல் ஆசை. அதன் உடல் நீளம் 21,337 மில்லிமீட்டர், அகலம் 3,245. ஹெச்.ஓ. எனப்படும் 1:87 அளவுக்குச் சுருக்கினால் நீளம் ஏறத்தாழ 245 மி.மீ., அகலம் 37 மி.மீ. வருகிறது. வீடுகளில் பரவலாக உள்ள முப்பரிமாண அச்சு எந்திரத்தின் தட்டு 220 மி.மீ. சதுரம் என்பதால், பெட்டியை மூலைக்கு மூலை சாய்த்து வைக்க வேண்டும் அல்லது இரண்டாகப் பிரித்து அச்சிட்டு ஒட்ட வேண்டும். அசலில் தகடு இரண்டு மில்லிமீட்டர் கனம் என்று கொண்டாலும், சுருக்கத்தில் அது 0.02 மி.மீ.தான், பிளாஸ்டிக் வெளிவரும் 0.4 மி.மீ. முனையால் அதை அச்சிட வழியே இல்லை. ஆகவே மொத்த அளவுகளைச் சுருக்கிவிட்டு, சுவரின் கனத்தையும் ஜன்னல் கம்பியின் தடிமனையும் தனியாகத் தடிக்கவைக்க வேண்டியிருக்கிறது.

சக்கரத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. நமது அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ.; 1:87இல் அது 19.3 மி.மீ. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ.; அது 1,435 மி.மீ. பாதையைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்டது. ஓட்டிப் பார்க்க விரும்புபவர் 16.5ஐ ஏற்றுக்கொள்வார், கண்ணாடிப் பேழைக்குள் வைப்பவர் 19.3தான் வேண்டும் என்பார். (நான் இரண்டாம் கட்சி; ஒல்லிக் கால்களில் நிற்கும் ஐ.சி.எஃப். பெட்டியைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.) இருவருக்கும் சக்கரங்களைத் தாங்கும் சக்கரச் சட்டத்தின் ஒரே கோப்பு பயன்பட வேண்டுமானால், அளவுகள் ஓர் அட்டவணையில் இருந்து, அதில் ஓர் எண்ணை மாற்றியதும் சட்டத்தின் அகலமும் அச்சின் நீளமும் தாங்கிக் குழியின் இடமும் தாமாகவே நகர வேண்டும். ஃபிரீகேடின் விரிதாள் வசதி இதைத்தான் செய்கிறது. ஃபியூஷனிலும் அளவுகளுக்குப் பெயரிட்டு இதைச் செய்யலாம் என்பதை மறுக்கவில்லை.

ஃபியூஷன் நல்ல மென்பொருள். கற்பதற்கு ஃபிரீகேடை விட எளிது என்றே சொல்வேன். ஆனால் அதன் இலவச உரிமம் வணிகமல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. திருத்தக்கூடிய நிலையில் ஒரே நேரத்தில் பத்து ஆவணங்களை மட்டுமே வைத்திருக்கலாம். பதினொன்றாவது வேண்டுமென்றால் ஒன்றைப் படிக்க மட்டும் என்று மாற்றி ஒதுக்க வேண்டும். உடல், கூரை, சக்கரச் சட்டம், இணைப்பி, இருக்கை என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக வைத்து வரையும் பழக்கமுள்ள நமக்கு, இரண்டே பெட்டிகளில் அந்தப் பத்து தீர்ந்துவிடும். இந்த வரம்பு 2020இல் வந்தது. அதுவரை தாராளமாக இருந்த சலுகை நிறுவனத்தின் ஓர் அறிவிப்பில் சுருங்கியது. மீண்டும் சுருங்காது என்று நமக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கோப்புகள் அவர்களுடைய கிளவுடில் இருக்கின்றன என்பதும், லினக்ஸ் இயங்குதளத்துக்கு அந்த மென்பொருள் இல்லை என்பதும் பழைய மடிக்கணினியோடு வரும் நம் மாணவர்களுக்குப் பெரிய தடை.

ஆன்ஷேப் என்ற இன்னொரு கேட் மென்பொருள் உலாவியிலேயே இயங்குவதால் எந்தக் கணினியிலும் திறக்கும். ஆனால் இலவசக் கணக்கில் வரைவதெல்லாம் பொதுவெளியில் கிடக்கும், இணையம் நின்றால் வேலையும் நிற்கும். தொடக்கநிலையினருக்கான டிங்கர்கேட் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் போதும். பெண்டிரைவில் கை மாறும் ‘கிராக்’ (உரிமப் பூட்டை உடைத்த) பிரதிகளை நம் கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

காசிமேட்டு நண்பர்கள் செய்யும் விசைப்படகு மாடல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டி என்பது தட்டையான பக்கங்களின் கூட்டு. படகின் உடலோ அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) பின்பக்கம் வரை ஒவ்வோர் அங்குலமும் வளைவது. அந்த வளைவை வழவழப்பாக இழுப்பதில் ஃபிரீகேட் தடுமாறும் என்பதை அவர்கள் சுட்டிக்காட்டுவது நியாயமே. அவர்களுக்கு நான் சொல்வது, முழு உடலையும் திண்மமாக வரைய முயலாமல், குறுக்குச் சட்டங்களை மட்டும் வரைந்து, டிஎக்ஸ்எஃப் என்ற தட்டை வரைபடக் கோப்பாக எடுத்து, மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் லேசர் வெட்டுக்குக் கொடுத்து, மேலே மெல்லிய பட்டைகளை ஒட்டுங்கள் என்பதே. லேசர் கற்றை தின்னும் அகலத்தையும் அதே விரிதாளில் ஓர் எண்ணாக வைத்துவிட்டால், சட்டம் நடுத்தண்டின் காடியில் தளர்வின்றி உட்காரும்.

ஃபிரீகேடின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அதன் பணிமேசைகளின் (ஒவ்வொரு வேலைக்கும் தனியாக உள்ள கருவித் தொகுப்புகளின்) எண்ணிக்கையே புதியவரை மிரட்டும். முன்பெல்லாம் ஆரம்பத்தில் வரைந்த ஒரு கோட்டைத் திருத்தினால், பின்னால் செய்த துளைகளும் விளிம்புகளும் இடம் மாறிக் குலைந்துபோகும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கிறது, பாகங்களைப் பூட்டிப் பார்க்கும் வசதியும் உள்ளேயே சேர்ந்திருக்கிறது. பழைய பதிப்பில் வெறுத்து விலகியவர்கள் இன்னொரு முறை திறந்து பார்க்கலாம்.

எனவே மூன்று முடிவுகளை வேண்டுகிறேன். புதிதாகச் சேருபவர்களுக்கு ஃபிரீகேட் மட்டும் கற்பிக்கப்படட்டும். ஃபியூஷனில் கை பழகியவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் பொதுச் சேமிப்புக்குத் தரும்போது அவர்கள் வேறு கேட் மென்பொருள்களிலும் திறக்கும் ஸ்டெப் வடிவக் கோப்பையும் சேர்த்துத் தரட்டும். அச்சு எந்திரத்துக்குத் தரும் எஸ்டிஎல் கோப்பை மட்டும் தருவதை ஏற்க வேண்டாம். அது முக்கோணங்களின் குவியல்தான், அதில் அளவின் அலகுகூட இருக்காது, துளையின் விட்டத்தை மாற்ற நினைப்பவர் முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும்.

அடுத்த கூட்டத்தில் புரொஜெக்டர் ஏற்பாடு செய்தால், சக்கரச் சட்டத்தை விரிதாளோடு வரைந்து 16.5க்கும் 19.3க்கும் மாற்றிக் காட்ட நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து வரும் உறுப்பினர் ஒருவர்