வண்டியை எண்ணினால் மட்டும் போதுமா?

தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம். கொடைக்கானல் ஏரிக்கரையில் ஸ்வெட்டர் விற்றுப் பிழைப்பவன் நான். கூட்டம் வந்தால்தான் எங்களுக்கு வருமானம். ஆகவே யாரும் வரவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை.

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மறு வருடம் வார நாளில் ஒரு நாளைக்கு 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. சரி, தேவைதான். ஆனால் காட் ரோட்டில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டு மேலே வருகிறவர் கடைப்பக்கம் திரும்புவதேயில்லை. இருட்டுவதற்குள் கீழே இறங்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. வண்டி நிறைய வருகிற நாள் எங்களுக்கு வியாபாரம் நடக்கிற நாள் அல்ல.

அந்த வரம்பில் அரசுப் பேருந்துக்கு விலக்கு உண்டு. அதைத்தான் நாம் இன்னும் ஒழுங்காகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கும் குடும்பம் இன்னும் 80 கிலோமீட்டர் வரவேண்டும். பெட்டியும் பிள்ளையுமாக பஸ் மாறி நிற்பதற்கு டாக்ஸியே தேவலை என்றுதான் யாருக்கும் தோன்றும். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் கார்களை நிறுத்த ஓர் இடம், அங்கிருந்து அரைமணிக்கொரு சிற்றுந்து, மேலே வந்தபின் கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, பூம்பாறை என்று நாள் முழுக்கச் சுற்றிவர ஒரே டிக்கெட். இதைச் செய்து தாருங்கள். பூம்பாறையில் இறங்கி நடக்கிறவர்தான் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மலைப்பூண்டை விளைவித்தவரிடமே வாங்குவார். காரில் போகிறவர் படிக்கட்டு வயலை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்.

அப்புறம் தண்ணீர். 1863இல் உருவாக்கிய இந்த ஏரி நிரம்பி வழிவதுதான் கீழே வெள்ளி அருவியாக விழுகிறது. மேலே வருகிறவர்கள் முதலில் வண்டியை நிறுத்தி ரசிக்கும் இடம் அது. ஏரியில் எது கலந்தாலும் அங்கேதான் போய் விழும். புது விடுதிக்கு அனுமதி கொடுக்கும்போது, கோடையில் தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், கழிவுநீரை எங்கே விடுவீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதை சீசன் நடுவே நேரில் வந்து பாருங்கள்.

2018இல் குறிஞ்சி பூத்தது. அடுத்தது 2030. அதைப் பார்க்க வரும் கூட்டத்தையும் இதே மலைப்பாதை வளைவுகள்தான் தாங்க வேண்டும். வருகிற சீசனில் சனி ஞாயிறு மட்டுமாவது அந்தச் சிற்றுந்தை ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரை வியாபாரி ஒருவன்