தேருக்கு விளக்கு இருக்கிறது, நடப்பவர் முதுகுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்துவிட்டது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கள் பக்கத்துத் தெருக்களில் வேளாங்கண்ணி பாதயாத்திரைக் குழுக்கள் பேனர் கட்டத் தொடங்கிவிட்டன. ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்று அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டுமானால் ஆகஸ்ட் நடுவிலேயே இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். கிளம்புகிற அன்று மாலை போட்டுத் தேர் இழுக்கும் படம் உங்கள் நாளிதழில் வரும். அந்தப் படத்துக்கு முன்பாக இந்தக் கடிதம் வர வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

நான் தையற்காரி. எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. பெரியபாளையத்துக்கு மஞ்சள், மேல்மருவத்தூருக்குச் சிவப்பு, வேளாங்கண்ணிக்குக் காவி என்று எங்கள் பேட்டையின் வேண்டுதல்கள் எல்லாம் என் மிஷினைத் தாண்டித்தான் போகின்றன. அன்னைக்கு நேர்ந்துகொண்டு நானும் நடப்பவள். துணியையும் தெரியும், அதே துணி கடலூரைத் தாண்டும்போது உடம்பை என்ன பாடுபடுத்தும் என்பதும் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். முதல்முறையாக நடக்க வருகிறவர்களை எந்த ஆயத்தமும் இல்லாமல் அழைத்துப் போவதைக் குழுக்கள் நிறுத்த வேண்டும். பெயர் எழுதி, சந்தா வாங்கி, காவித் துணி கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும் பத்து நாளுக்கு மேல் ஆகும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பிள்ளைகள்கூட மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

என் தொழிலில் இருந்தே தொடங்குகிறேன். கடையில் வாங்கிய காவி பேன்ட்டை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். இரண்டு கால் துணியும் கவட்டில் வந்து சேருகிற இடத்தில் நான்கு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஓவர்லாக் நூலும் சேர்ந்து, ஒரு கட்டியாகத் தடித்து நிற்கும். வீட்டில் போட்டுக்கொண்டு நடந்தால் ஒன்றும் தெரியாது. வெயிலில் நடந்து வியர்வை இறங்கி, அது காய்ந்து உப்புப் பூத்து, நூல் விறைத்துக்கொண்ட பிறகு, ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கட்டி தொடையில் தேய்க்கும். மரக்காணத்தில் சிவக்கும், புதுச்சேரியில் தோல் உரியும். வயதுப் பிள்ளைகள் இதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்ல மாட்டார்கள். காலை அகட்டி அகட்டி நடப்பார்கள். அப்படி நடந்தால் முட்டியும் இடுப்பும் சேர்ந்து வலிக்கும்.

ஆகையால் நான் தைத்துக் கொடுக்கும் பேன்ட்டில் விளிம்பை உள்ளே மடித்து அடக்கித் தட்டையாக இரட்டைத் தையல் போடுகிறேன். கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டுத் துணி வைத்து, நான்கு தையலும் ஒரே இடத்தில் சந்திக்காமல் பிரித்துவிடுகிறேன். கூலி கொஞ்சம் கூடும். நேரமும் கூடும். எந்தத் தையற்காரரிடம் கொடுத்தாலும் இப்படிக் கேட்டு வாங்குங்கள். புடவையில் நடக்கும் பெண்கள் உள்பாவாடைக்கு நாடா வேண்டாம். நாள் முழுக்க இறுக்கிக் கட்டிய நாடா இடுப்பை அறுத்துவிடும். இரண்டு அங்குல அகலத்தில் துணிப்பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். புதுத் துணியை மூன்று முறையாவது துவைத்து, பசையும் அதிகச் சாயமும் போன பிறகு உடுத்துங்கள். புறப்படுகிற அன்று பெட்டி மடிப்பு கலையாமல் உடுத்திக்கொள்வது படத்துக்கு நன்றாக இருக்கும், உடம்புக்கு ஆகாது.

அடுத்தது பை. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவின் மகன், முதல்முறை நடக்கப் போகிறவன், பையின் பட்டை தைத்த இடத்தில் பிரிந்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தான். ஏன் பிரிந்தது என்று பார்க்கப் பையைத் திறந்து, துணி வெட்டும் மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பினேன். இரண்டு ஜீன்ஸ், ஒரு தலையணை, அடுக்கு டிபன் கேரியர், முறுக்கு டப்பா, முழு ஷாம்பு பாட்டில், இரண்டு பவர் பேங்க், இரண்டு லிட்டர் தண்ணீர், பெட்டி பிரிக்காத புது ஷூ. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிப் பக்கத்து அரிசிக் கடைத் தராசில் வைத்தோம். பதினொரு கிலோ. பையன் ஐம்பது கிலோவைத் தாண்ட மாட்டான். “எல்லாம் தேவைப்படும் அக்கா” என்றான். தலையணை எதற்கு என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. அவன் அம்மா வைத்திருக்கிறார்.

முதுகில் தூக்கும் சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குழுவோடு டெம்போ வருகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். மாற்றுத் துணியும் போர்வையும் வண்டியில் போகட்டும். முதுகில் இருக்க வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, தொப்பி, டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வாசலின், கொஞ்சம் பஞ்சும் பிளாஸ்டரும், மாற்றுக் காலுறை, ஜெபமாலை. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் மருத்துவச் சீட்டின் நகலையும் டெம்போவில் போடாமல் உடனேயே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டையின் உள்பையில் வைக்கச் சொல்கிறேன். செல்போன் சார்ஜ் தீர்ந்துபோனால் அதில் இருக்கும் எண்ணால் யாருக்கும் பயன் இல்லை. பையின் தோள்பட்டை மூன்று விரல் அகலமாவது இருக்க வேண்டும். பழைய கம்பளித் துண்டை உள்ளே வைத்துத் தைத்தால் தோளை அறுக்காது. அந்தப் பையனின் பைக்கு அப்படித்தான் தைத்துக் கொடுத்தேன். பொருளைக் குறைத்து மறுபடி நிறுத்தபோது நாலு கிலோகூட இல்லை.

கரைசல் பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கையால் அள்ளிப் போடக் கூடாது.

காலைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிறது. வெறுங்காலோடு நடப்பது சிலரின் நேர்த்திக்கடன், அதை நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு முள் ஏறியதும் தெரியாது, தார் சுட்டதும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும். அவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும். தினமும் இரவில் உள்ளங்காலை இன்னொருவரிடம் காட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். செருப்போ ஷூவோ போடுகிறவர்கள் புதியதை அணிந்து புறப்படாதீர்கள். நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய அளவு, குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகியது. ரப்பர் செருப்பின் வார் விரலிடுக்கை அறுக்கும். பின்பக்கம் வார் உள்ள செருப்பு பரவாயில்லை. கொப்புளம் வந்தால் மேல்தோலை உரிக்காதீர்கள். அந்தத் தோல்தான் காலுக்கு மருந்துக்கட்டு.

இவ்வளவையும் வீட்டில் உட்கார்ந்து கேட்டால் மண்டையில் ஏறாது. நடந்து பார்க்க வேண்டும். ராயபுரத்திலிருந்து பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்துக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் இருக்கும், யாத்திரையில் அரை நாள் நடை. விடியுமுன் கிளம்பி, பாரிமுனை, மெரினா, சாந்தோம் வழியாக நடந்து, காலைப் பூசைக்குப் போய்விட்டு, பஸ் ஏறித் திரும்பி வந்துவிடலாம். யாத்திரைக்கு உடுத்தப் போகும் அதே துணி, அதே பை, அதே செருப்பு. புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு ஞாயிறும் குழுவே இப்படி ஒரு நடை வைத்தால், எங்கே உரசுகிறது, எது கனக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். பெசன்ட் நகரில் நொண்டினால் பஸ் இருக்கிறது. கொள்ளிடம் பாலத்தின் நடுவில் நொண்டினால் என்ன செய்வது? எண்ணூர் பக்கம் பழகப் போகாதீர்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அது பழக்கம் ஆகாது, ஆபத்துதான்.

துணி, பை, செருப்பு என்று நான் இவ்வளவு வளர்த்துவதற்குக் காரணம் சாலை. வெயிலுக்குப் பயந்து குழுக்கள் இருட்டோடு கிளம்புகின்றன. மாலை மங்கிய பிறகும் நடக்கின்றன. தேரைச் சுற்றிச் சீரியல் பல்பு, பாட்டு, கூட்டம். தேரோடு நடப்பவர்களை எந்த ஓட்டுநரும் தூரத்திலேயே பார்த்துவிடுவார். ஆனால் நூறு பேர் கிளம்பினால் நூறு பேரும் தேரோடு இருப்பதில்லை. தொடை உரிந்தவனும் கொப்புளம் வந்தவளும் மெல்ல மெல்லப் பின்தங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதல்முறை வந்தவர்கள். தேர் ஒரு கிலோமீட்டர் முன்னால் போய்விட்டிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருட்டில், விளக்கில்லாத ஓரத்தில், தனியாகவோ இரண்டு பேராகவோ வந்துகொண்டிருப்பார்கள். காவி நிறம் இரவில் வெளிச்சம் பட்டாலும் எடுத்துக் காட்டாது. தூசியும் வியர்வையும் படிந்தபின் மண்ணோடு மண்ணாகத்தான் தெரியும். தேர் இடப்பக்கம் போவதால் இவர்களும் இடப்பக்கமே போகிறார்கள். வண்டி முதுகுக்குப் பின்னால் வருகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, ஆகவே நம் முதுகு அதற்குத் தெரிய வேண்டும்.

சாலைப் பணியாளர்களின் மேல்சட்டையில் இருக்குமே, வெளிச்சம் பட்டால் வெள்ளியாக மின்னும் பட்டை, அது பாரிமுனைக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. முதுகில் குறுக்கே ஒன்று, கணுக்காலுக்கு மேல் இரண்டு காலிலும் ஒவ்வொன்று போதும். காலில் தைப்பதை விட்டுவிடாதீர்கள். முதுகுப் பட்டை ஓர் இடத்தில் நிற்கும் பலகைபோலத் தெரியலாம், மேலும் கீழும் அசையும் இரண்டு பட்டைகளைப் பார்த்தால் ஆள் நடக்கிறார் என்று ஓட்டுநருக்கு உடனே புரியும். பட்டையின் நடுவில் ஊசி ஓட்டினால் மின்னும் பூச்சு உதிரும்; ஓரங்களில் மட்டும் தைக்க வேண்டும். பையை முதுகில் மாட்டினால் சட்டைப் பட்டை மறைந்துவிடும் என்பதால் பையின்மேலும் ஒரு துண்டு. தேருக்குப் போடும் அலங்காரச் செலவில் சிறு பகுதியை ஒதுக்கினாலே குழுவில் எல்லோருக்கும் இதைத் தைத்துவிடலாம். பழைய ஆட்கள் இருவர் கையில் சிவப்பு விளக்கோடு எப்போதும் கடைசியில் வர வேண்டும், அவர்களுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது.

இதைப் பேசினால் சில பெரியவர்கள், “அன்னையை நம்பி நடக்கிறோம், அவள் பார்த்துக்கொள்வாள்” என்கிறார்கள். நானும் அந்த நம்பிக்கையோடுதான் நடக்கிறேன். அன்னையின் பெயரைச் சொல்லி வீட்டுப் பிள்ளையை நம்மிடம் ஒப்படைத்த தாய், நாமும் பார்த்துக்கொள்வோம் என்றுதானே நம்பி அனுப்புகிறாள்?

பங்குத்தந்தையர்களுக்கும் ஒரு விண்ணப்பம். யாத்திரை புறப்படும் அன்று ஆசீர்வதிக்கிறீர்கள். அதற்கு இரண்டு ஞாயிறு முன்பே பூசை முடிந்ததும் முதல்முறை நடப்பவர்களை மட்டும் நிறுத்தி, பையைத் திறந்து பார்க்கவும் காலைப் பார்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு பங்கிலும் செவிலியர்கள் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு பெண்ணே பேசட்டும். கழிப்பிடத்துக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கி விழும் பெண்கள் உண்டு. எந்தெந்த ஊரில் எங்கே தங்குகிறோம், வழியில் எந்த ஆலயத்தில் கழிப்பறை இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி அச்சம் போய்விடும்.

எங்கள் பேட்டையிலிருந்து இந்த ஆண்டு நடக்கிறவர்கள் எந்தக் குழுவானாலும், எந்த மதமானாலும், பட்டையை வாங்கி வந்தால் தைத்துக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். துணியைத் துவைத்துக் காயவைத்து ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் தாமதித்தால் உடுத்தி நடந்து பழக ஒரு ஞாயிறுகூட மிஞ்சாது.

இப்படிக்கு,
தையற்காரி,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை – 600 021