வங்கமொழிப் பலகைகள் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வேலூர் காந்தி ரோடு விடுதிகளிலும் மருந்துக் கடைகளிலும் உள்ள வங்கமொழிப் பலகைகளை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை பற்றிய செய்தியைப் படித்தேன். கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று பங்கு, பிற மொழி இரண்டு பங்கு என்பதே தமிழக அரசின் விதி. தமிழுக்கு முதலிடம் தரும் அந்த விதியே பிற மொழிக்கும் இடம் விட்டிருக்கிறது. தமிழைச் சிறிதாக எழுதுவதும், எழுதாமலே விடுவதும்தான் குற்றம்.

சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் இங்கு வந்தவண்ணம் உள்ளனர். சென்ற மாதம், மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி கடை கடையாக நிமிர்ந்து பார்த்து நடந்த முதியவர் ஒருவர், வங்க எழுத்தைக் கண்டதும் சட்டென்று படியேறியதை நேரில் கண்டேன், உள்ளே கடைக்காரப் பையன், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று தமிழிலும் வங்கமொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கொடுத்தான். எனவே மாநகராட்சி அலுவலர்கள் தமிழ் இல்லாத, அல்லது தமிழைச் சிறிதாக எழுதிய பலகைகளுக்கு மட்டும் அபராதம் விதிப்பதுடன், காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனை வரையுள்ள வழிகாட்டிப் பலகைகளில், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கீழே வங்கமொழியிலும் ஒரு வரி எழுத ஏற்பாடு செய்யலாம்.

– ஒரு வாசகர், சைதாப்பேட்டை, வேலூர்