பூச்சி ஒழிப்புக்கு அதிகாரி வந்தால்

உறுப்பினர்களே, பூச்சி ஒழிப்புக்காக வரும் அரசு அதிகாரியை வாசலிலேயே திருப்பி அனுப்பலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பல நாடுகளில் அவர் உள்ளே வரச் சட்டம் இடம் தருகிறது. வெட்டுக்கிளியும் கொசுவும் வேலியைப் பார்த்து நிற்பதில்லையே! அதற்காக நினைத்தபடி நுழைய முடியாது. அடையாள அட்டையைக் கேளுங்கள், எந்தச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறார் என்றும் கேளுங்கள். வயல், தோட்டத்தைவிட, குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவதற்குப் பல இடங்களில் விதி கடுமை. சம்மதமோ நீதிமன்ற ஆணையோ தேவைப்படலாம். சரியான உத்தரவோடு வந்தவரைத் தடுத்தால் அபராதம் விழலாம்.

பூச்சியை ஒழிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கெடுவுக்குள் நாம் செய்யாவிட்டால், துறையே வேலையை முடித்துவிட்டுச் செலவை நம்மிடம் வசூலிக்கச் சில சட்டங்களில் வழி உண்டு. அப்புறம், மருந்து தெளித்தால் அதன் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளும் கால்நடைகளும் இருக்கும் வீடுகளில் கட்டாயம்.