நீ கேட்ட கணக்கு

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா?

போனில் நீ அனுப்பியிருந்ததை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். தாத்தா பாட்டி, அவர்களுக்கு முந்தியவர்கள், யார் யார் எத்தனை வயதில் போனார்கள், சின்னதிலேயே போன பிள்ளைகள் உண்டா, டாக்டர் கேட்கிறார் என்று நாலே வரி. எந்த டாக்டர், எதற்கு என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. போனில் பதில் அடிக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதனால்தான் இந்தப் பேப்பர். அங்கே பனி கொட்டுகிறது என்று டிவியில் காட்டினார்கள். படியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்து இறங்கு.

நீ கேட்டதற்காக ஊருக்கு மூன்று தடவை போய்விட்டு வந்தேன். ஆரப்பாளையத்தில் ஏறி, நிலக்கோட்டையில் மாறி, பழைய பாதைதான். முதலில் சர்க்கார் கணக்கில் தேடினேன். அந்தக் காலத்தில் மணியக்காரர்தான் பிறப்பு இறப்பு எழுதுவார். 1980ல் அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். 85ல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. எந்தப் புத்தகம் எங்கே போனது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். கடைசியில் கிடைத்த புத்தகத்திலும் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்றுதான் இருக்கிறது, பெயர் இல்லை. தகப்பன் பெயர் சூசை. நம் ஊரில் எத்தனை சூசை!

அப்புறம் கோயிலுக்குப் போனேன். பங்குச் சாமியார் சின்ன வயது, நல்லவர். பீரோவைத் திறந்து ஞானஸ்நானப் புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார். முதுகில் தோல் உரிந்து, தாளெல்லாம் பூச்சி துளைத்து, ஊசி குத்தியது போல ஒரே ஓட்டை பத்துப் பக்கத்துக்கு நேராகப் போகிறது. பக்கத்தைப் புரட்டினால் ஓரம் பொடியாக விரலில் ஒட்டுகிறது. எல்லாம் லத்தீன். காலை முழுக்க இராயப்பன், இராயப்பன் என்று தேடினேன். பக்கத்து ஊரில் ஓய்வில் இருக்கும் பெரிய சாமியார் மத்தியானம் வந்தவர்தான் சொன்னார். “இராயப்பனைத் தேடாதேம்மா, பெத்ருஸ் என்று தேடு. சின்னப்பன் என்றால் பவுலுஸ். அருளப்பன் என்றால் யோவான்னெஸ்.” அதற்குப் பிறகு நம் ஆள்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஒருவர் பெயருக்கு நேரே ஓரத்தில், பின்னால் யாரை எந்தக் கோயிலில் கட்டினார் என்று பொடி எழுத்தில் குறித்திருக்கிறது. அதைப் பிடித்துத்தான் அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று போக முடிந்தது. உன் பெயருக்கு நேரேயும் பார்த்தேன். மாப்பிள்ளை பெயர், தேதி, கோயில் எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறது. இந்தப் புத்தகத்தில் ஏறிய நம் வீட்டுப் பெண்களில் கடல் தாண்டிப் போய்ப் படித்தவள் நீ ஒருத்திதான் என்று சாமியாரிடம் சொன்னேன். பெருமையாக இருந்தது. ஆனால் வாரம் ஒரு தடவை போன் பண்ண முடியாத அளவுக்கு என்ன வேலை, அதுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இரும்புச்சத்து மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாய்தானே? சும்மா பொதுவாகத்தான் கேட்கிறேன்.

அப்பா பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று என்று படம் போட்டேன். பூட்டன் பூட்டி எட்டுப் பேர் வர வேண்டும், ஆறு பேர்தான் வருகிறார்கள். உன் அப்பத்தா எனக்குச் சொந்த அத்தை, என் அப்பாவோடு பிறந்தவர் ஆயிற்றே, அதனால் இரண்டு பக்கமும் அதே பூட்டன் பூட்டிதான். அந்தப் பூட்டனும் சொந்த அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறார். மேற்றிராணியார், அதுதான் பிஷப், அனுமதி கொடுத்ததாகக் கல்யாணப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கும் அப்படித்தான், அனுமதி வாங்கிய பிறகுதான் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். சேவியர் மாமா மகனைக் கட்டு என்று உன்னை இரண்டு வருஷம் படுத்தினேன். அதையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். டாக்டர் கேட்டால் இதை மறைக்காமல் சொல். மாப்பிள்ளை வீடு நமக்கு எந்த உறவும் இல்லை என்பதையும் சொல்.

தாத்தா வயது அறுபத்தெட்டு என்று கல்லறையில் வெட்டியிருக்கிறோம், அது தப்பு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டோம். ஞானஸ்நானப் புத்தகப்படி எழுபத்தொன்று. நெஞ்சு வலி, அது உனக்கே தெரியும்.

பூட்டனுக்கு அப்பா, ஓட்டன், அவர் பெயர் நம் ஊர்ப் புத்தகத்தில் இல்லை. அப்போது நம் ஊர் பெரிய பங்கின் கிளைக்கிராமம். அங்கே போய்ப் பார்த்தேன். 1877, தாது வருஷப் பஞ்சம். அந்த வருஷத்துப் பக்கங்களை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. சாகக் கிடந்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி ஊற்றி எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள், அடக்கப் புத்தகத்திலும் அதே பெயர்கள் மறுநாளே வருகின்றன. நடுவில் நம் ஓட்டன், சுமார் ஐந்து வயது. தாய் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. ‘1606ல் மதுரைக்கு வந்த நொபிலி சாமி காலத்திலிருந்தே நாம் வேதக்காரர்கள்’ என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததே! அப்பாவுக்கு இது வருத்தம். எனக்கு இல்லை. யாரோ ஒருவர் அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். அது பிழைத்ததால்தானே நாம் எல்லாரும்.

சின்னதிலேயே போன பிள்ளைகள் கணக்கு இது. பூட்டிக்கு ஒன்பது பிள்ளைகள். ஐந்து போய்விட்டது. இரண்டு ஒரே வாரத்தில், வாந்திபேதி. ஒன்றுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறது. மற்ற இரண்டுக்கும் காரணமே எழுதவில்லை. அப்பத்தாவுக்கு ஆறு, அதில் இரண்டு மாதம் தாண்டவில்லை. அம்மாச்சிக்கு நாலு, நாலும் இருக்கிறோம். ஆக ஏழு.

ஏழு என்று எழுதி, மடித்துக் கவரில் போட்டும்விட்டேன். ராத்திரி எழுந்து திரும்பப் பிரித்தேன்.

ஜெனி, ஏழு இல்லை. எட்டு.

எனக்குக் கல்யாணம் ஆன மறு வருஷம், எட்டாம் மாதத்திலேயே அம்மாச்சி வீட்டில் வலி எடுத்துவிட்டது. பையன். அழவே இல்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. சாமியார் வர நேரம் இல்லை. அம்மாச்சியே சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றி, இராயப்பன் என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் போய்விட்டான். புத்தகத்தில் பார்த்தேன். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் அம்மாச்சி பெயர் இருக்கிறது. ஞானத்தகப்பன், ஞானத்தாய் இடத்தில் ஒரு கோடு. எனக்குக் கால் நிற்கவில்லை. கோயில் பிள்ளை நாற்காலி போட்டார்.

கல்லறைத் திருநாளுக்குப் போனால் சுவர் ஓரமாக ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றுவேன், ஞாபகம் இருக்கிறதா? இது யாருக்கும்மா என்று நீ கேட்பாய். யாரும் இல்லாத ஆத்துமாக்களுக்கு என்று சொல்வேன். பொய். உன் அண்ணனுக்குத்தான். நானும் அப்பாவும்கூட இதுவரை இதைப் பற்றி வாய் திறந்து பேசியதில்லை.

போன தவக்காலத்தில் நீ போன் பண்ணி, “அம்மா, தங்கவில்லை” என்றாய். நான் என்ன சொன்னேன்? “ஓயாமல் அலைந்தால் எப்படித் தங்கும்? நாங்கள் எல்லாம் பெற்று வளர்க்கவில்லையா?” என்றேன். எனக்கு நடந்ததை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் உன் போன் குறைந்தது. எனக்குத் தெரியும். அலைந்ததால் இல்லை, ஜெனி. நான் மூன்று மாதம் வாசல்படி தாண்டாமல்தான் இருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை. அம்மாவை மன்னித்துவிடு.

இப்போது உனக்கு எத்தனை மாதம், எப்படி இருக்கிறது, ஒன்றும் நான் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொல்லும்போது சொல். வரச் சொன்னால் வருகிறேன், அப்பாவுக்கு மார்க்கெட் பக்கத்து மெஸ் இருக்கிறது, சமாளித்துக்கொள்வார். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி. படியில் கம்பியைப் பிடித்து இறங்கு.

புத்தகத்தைப் போட்டோ எடுக்கக் கூடாது என்று சாமியார் சொல்லிவிட்டதால் எல்லாவற்றையும் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மேலே உள்ளதெல்லாம் படிக்கும்படி இருக்கும். கடைசி வரியில் கை நடுங்கி எழுத்து கோணலாகிவிட்டது. புரியாவிட்டால் போன் பண்ணிக் கேள், வாசித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா