கட்டிங் போடாமல் வைத்திருக்கிறேன்

ஈரோடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. அட்டாலியில் இருக்கும், நீ சின்ன வயதில் படம் போட்ட பழைய நோட்டுகளைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடச் சொல்லி அம்மாவிடம் சொன்னாயாம். "எல்லாம் கிறுக்கல், பார்த்தாலே கூச்சமா இருக்கு" என்றாயாம். போடவில்லை சாமி, போடவும் மாட்டேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன நோம்பிக்கு வந்தபோது, அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ராபர்ட் கிரம்பின் படத் தொகுப்பில் முதல் பாகத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாய். அதை எடுத்து மெதுவாகப் படித்தேன். மொத்தம் 17 பாகமாம், இது 1987இல் வந்திருக்கிறது. பெரிய பேர் வாங்குவதற்கு முன்னால், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது போட்ட படங்களைக்கூட ஒளிக்காமல் அச்சடித்திருக்கிறார்கள். 1958இல் அவரும் அண்ணன் சார்லஸும் 'ஃபூ' என்று ஒரு பத்திரிகையை அவர்களாகவே போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். சரியாகப் போகவில்லை. வீட்டில் வளர்த்த ஃப்ரெட் என்ற பூனைதான் பிற்பாடு அவர் காமிக்ஸில் ஊரறிந்த ஃபிரிட்ஸ் என்ற பூனை ஆனது.

நீயும் ஆறாவது படிக்கும்போது நோட்டு அட்டையில் 'விலை ரூ.2' என்று போட்டு, உன் அப்பிச்சியிடம் கறாராகக் காசு வாங்கினாயே. அச்சகத்தில் மிஞ்சிய கட்டிங் பேப்பரை நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். நடுவில் பின் அடித்து நீயே புத்தகமாக்கிக்கொள்வாய்.

கிரம்பை அந்தச் சின்ன வயதில் படம் போடச் சொல்லி விரட்டியது அண்ணன் சார்லஸ்தான். ஆனால் அந்த அண்ணனின் பக்கங்களில் போகப் போக எழுத்து பெருகியது. படத்துக்கு இடமே இல்லாமல் போய், கடைசியில் வெறும் பொடிக் கிறுக்கலாக முடிந்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ ஆபீஸ் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. "கோடு முரடா இருக்கு, கொஞ்சம் அழகாப் போடுங்க" என்று சொன்னார்களாமே. கிரம்பும் 1962இல் கிளீவ்லாந்தில் வாழ்த்து அட்டை கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்தான். உன் படம் விகாரமாக இருக்கிறது என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு அவர்கள் கேட்டபடி போட்டுக் கொடுத்தார். தன் சொந்தக் கோடுகளைத் தனியாகக் காப்பாற்றி வைத்திருந்தார். நீயும் அப்படிச் செய்யலாம்.

முப்பது வருஷம் மெஷினில் நின்றவன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1968இல் சான்பிரான்சிஸ்கோவில் கிரம்பின் 'ஜாப்' என்ற காமிக்ஸ் பத்திரிகையின் முதல் இதழை மல்டிலித் என்ற சின்ன ஆப்செட்டில்தான் ஓட்டினார்கள். நம் ஊரில் மினி ஆப்செட் என்போமே, அந்த வகை. அங்கே 1954இல் காமிக்ஸுக்கென்று ஒரு கட்டுப்பாடு வந்து, அதன் ஒப்புதல் முத்திரை இல்லாத புத்தகத்தை வழக்கமான கடைகள் எடுக்காத காலம். அதனால் குழந்தை வண்டியில் அடுக்கித் தெருவில் தள்ளிக்கொண்டு போய் விற்றார்கள். அதற்கு முன்னால் வரைந்த ஒரு முழு இதழின் மூலப் பக்கங்கள் வேறொருவர் கையில் போய்க் காணாமலே போய்விட்டன. நல்லவேளை, கிரம்ப் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். அதை வைத்துத்தான் அந்த இதழை '0' என்று நம்பர் போட்டுப் பின்னால் கொண்டுவந்தார்கள்.

கிரம்ப் செய்த எல்லாமே எனக்கு ஒப்பவில்லை. பிற்பாடு பெண்களையும் கறுப்பின மக்களையும் அவர் வரைந்த விதம் தப்பு. பெண்ணைப் பெற்றவனாக என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. நீ அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, சின்ன வயசுப் பக்கங்களை வெட்கப்படாமல் வைத்திருந்ததைத்தான்.

அப்புறம் உன் மூன்றாம் நோட்டை எடுத்தேன். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவரை வரைந்திருக்கிறாய். முகம் இல்லை, மூட்டையும் பாதிதான். கட்டம் முழுக்க ஒரு குதிகால். பித்தவெடிப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்திருக்கிறாய். பால்பாயிண்ட் பேனாவை அழுத்திய அழுத்தத்தில், பக்கத்தைத் திருப்பித் தடவினால் கோடு விரலில் தட்டுகிறது. பதினோரு வயதில் அந்தக் காலைப் பார்த்திருக்கிறாய். அந்த மண்டி வழியாகத் தினமும் போய் வந்த நான் பார்த்ததில்லை.

நான்காம் நோட்டு இல்லை. நீ ஒன்பதாவதில் மார்க் குறைந்தபோது கோபத்தில் நான்தான் எடைக்குப் போட்டேன். நீ அழவில்லை, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன் அம்மிணி. தப்பு என்னுடையது.

மீதி பத்தையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்துவிட்டேன். இனி ஒரே புத்தகமாகத் தைத்து பைண்டிங் போட வேண்டும், அட்டைக்குக் காலிகோ துணி வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சங்கடம். மூன்று ஓரமும் கட்டிங் போட்டால்தான் புத்தகம் சீராக நிற்கும். ஆனால் நீ ஓரம் வரைக்கும் எழுதியிருக்கிறாய், சில இடத்தில் நாய்களும் ஓடுகின்றன. கால் அங்குலம் வெட்டினாலும் அதெல்லாம் போய்விடும். வெட்டாமலே தைக்கட்டுமா? நீ சொல்கிற வரைக்கும் கத்தி வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா